நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகு தொடங்கும் செலவு

அண்மையில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவில் குடும்பத்தோடு ஒரு முழு நாளைக் கழித்தோம். அங்குள்ள சவாரிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அவற்றில் எனக்கும் குறையில்லை. நாங்கள் அங்கே சாப்பிட்டதையும் குடித்ததையும், அவற்றுக்காகக் கொடுத்த தொகையையும் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். நான்கு பேரின் நுழைவுச்சீட்டுக்கு ஆன தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு உணவுக் கடைகளில் கரைந்துபோயிற்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே பூங்காவுக்குப் போயிருந்தபோது அது பாதியைக்கூடத் தொடவில்லை என்பது பழைய கணக்கு நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. அப்போது மகள் கைக்குழந்தை, தனியாக எதுவும் வாங்கித் தர வேண்டியிருக்கவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் பையைச் சோதித்த ஊழியர் பணிவாகவே நடந்துகொண்டார். என் தாயாருக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவருக்கெனக் கட்டிக்கொண்டு வந்த உணவை மட்டும் உள்ளே விட்டவர், தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோகக் கூடாது என்றார். "உள்ளே எல்லாம் கிடைக்கும் அம்மா" என்று அவர் என் தாயாரிடம் சொன்னது பொய்யில்லை. எல்லாம் கிடைக்கத்தான் செய்தது. காலிப் பாட்டிலையாவது எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டால் போகலாம் என்றார். வீட்டில் காய்ச்சி ஆற்றி நிரப்பிக் கொண்டு வந்த இரண்டு பாட்டில் தண்ணீரை வாசலோரச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு உள்ளே நுழைந்தோம்.

அந்தப் பாட்டில்களை நிரப்பக் குழாய் தேடி அலைந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. கழிப்பறைக் கட்டடத்தின் பின்சுவரில் ஒரே ஒரு குழாய் இருந்தது; அதிலிருந்து வந்த தண்ணீர் வெயிலில் காய்ந்து கை பொறுக்காத சூட்டில் இருந்தது. எதிரே, பத்தடி தொலைவில், பனிக்கட்டியில் புதைத்த பாட்டில்கள் அடுக்கிய தள்ளுவண்டி. வெளியே விற்கும் விலையைப் போல் நான்கு மடங்கு. மாலைக்குள் ஒன்பது பாட்டில்கள் வாங்கியிருந்தோம். ஒரு பூங்காவை மதிப்பிட உணவுப் பட்டியலைவிட அதன் தண்ணீர்க் குழாய் போதும் என்ற முடிவுக்கு அன்று நண்பகலிலேயே வந்துவிட்டேன். பர்கர் வேண்டாமென்று மூன்று மணி நேரம் பொறுக்கலாம். வெயிலில் வரிசையில் நிற்கும் குழந்தையிடம் தாகத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியாது.

இந்தக் குறை பூங்காக்களோடு கூடப் பிறந்தது என்றே சொல்லலாம். 1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறைகள், குடிநீர்க் குழாய்கள் இரண்டையும் முடிக்க நேரமில்லாமல் போயிற்று. வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். கொளுத்தும் வெயிலில் வந்தவர்களோ, பூங்காவுக்கு ஆதரவளித்த பெப்சி நிறுவனத்தின் பானம் விற்பதற்காகவே குழாய்களை வைக்கவில்லை என்று சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் அன்று தவறாக இருந்திருக்கலாம். நான் போய்வந்த பூங்காவைப் பொறுத்தவரை அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

உணவுக்கூடத்தின் விலைப்பலகையில் எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. விலைகள் மட்டும் ஒட்டுத்தாளில் இருந்தன. வரிசை நகராமல் நின்ற நேரத்தில், மகள் தன் கைக்கெட்டிய ஒரு சிறிய பலகையில் உருளைக்கிழங்கு வறுவலின் விலைத்தாளை நகத்தால் மெல்லக் கிளப்பினாள். அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மற்றொன்று என மூன்று அடுக்குகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எண் சிறிதாகிக்கொண்டே போனது. அவளை அதட்டி நிறுத்தினேன் என்றாலும், எட்டிப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. விலை ஏறிய அளவுக்கு வறுவல் ஏறவில்லை. காகிதக் கூம்பின் அடி உள்ளே மடித்து விடப்பட்டிருந்ததால், மேலே குவிந்து தெரிந்ததுதான் மொத்த வறுவலும்.

பானத்தின் கதை இன்னும் சுவையானது. பெரிய அளவு என்று வாங்கிய கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த பானத்தை மட்டும் பனிக்கட்டி விழாமல் என் காலிப் பாட்டிலில் வடித்துப் பார்த்தேன். கோப்பையின் பாதிக்கும் சற்றுக் குறைவான அளவுதான் தேறியது. இத்தகைய இயந்திரங்களில் பொதுவாக ஒரு பங்கு செறிவுப் பாகோடு ஐந்து பங்கு சோடாத் தண்ணீர் கலக்கிறது. ஆகவே கோப்பைக்குள் போகிற பொருளின் அடக்கவிலை, நாங்கள் கொடுத்த விலையில் சிறு பங்காகத்தான் இருக்க முடியும். பூங்காவில் விற்கும் பொருள்களில் மிக அதிக இலாபம் தருபவற்றில் ஒன்று இதுதான் என்பதால், நாள் முழுவதும் மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளும் நினைவுக் கோப்பையை வாங்கச் சொல்லி ஒவ்வொரு கடையிலும் வற்புறுத்துகிறார்கள். நாங்களும் ஒன்று வாங்கினோம். நான்கு முறை நிரப்பினால்தான் அதன் விலை கட்டுபடியாகும். ஆனால் கோப்பையின் அடியில் இருந்த மின்னணுச் சில்லு ஒரு முறை நிரப்பியபின் குறிப்பிட்ட நேரம் கழியாமல் அடுத்த முறைக்கு அனுமதி தரவில்லை. நிரப்பும் இயந்திரம் இருந்த மூன்று இடங்களும் பூங்காவின் மூன்று மூலைகளில் இருந்தன. மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டோம்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்கு மூலப்பொருள் விலை, கூலி, போக்குவரத்து என்று சொல்லப்படும் காரணங்களை நான் மறுக்கவில்லை. சில மாதங்கள் மட்டும் கூட்டம் வரும் இடத்தில் ஆண்டு முழுவதும் சமையலறையைப் பராமரிப்பது எளிதன்று. எனினும் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்னிலேண்ட் தொடக்கத்தில் சிறிய நுழைவுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சவாரிக்கும் தனிச்சீட்டு விற்றது. அந்தச் சீட்டுப் புத்தகங்கள் 1982இல் கைவிடப்பட்டன. வாசலில் எவ்வளவு வாங்குவது, உள்ளே ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாங்குவது என்ற இந்தக் கேள்வியையே 1971இல் பொருளாதார அறிஞர் வால்டர் ஓய் டிஸ்னிலேண்டை எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்ந்தார். எல்லாச் சவாரிகளும் நுழைவுச்சீட்டுக்குள் அடங்கிவிட்டபின், உள்ளே வந்தவரிடம் திரும்பத் திரும்ப வசூலிக்க எஞ்சியிருப்பது அவருடைய வயிறுதான். பெரிய பூங்கா நிறுவனங்கள் முதலீட்டாளர்களுக்குத் தரும் அறிக்கைகளில், ஒரு பார்வையாளர் பூங்காவுக்குள் சராசரியாகச் செலவிட்ட தொகையைத் தனிக்கணக்காகவே காட்டுகின்றன. வருவோர் எண்ணிக்கை குறையும் காலாண்டில் அந்தத் தொகை உயர்ந்திருந்தால் அதைப் பெருமையோடு குறிப்பிடுகின்றன. 2021 நவம்பரில் டிஸ்னியின் அன்றைய தலைமை நிதி அதிகாரி கிறிஸ்டீன் மெக்கார்த்தி, செலவு கூடுவதைச் சமாளிக்க உணவின் அளவைக் குறைக்கலாம் என்றும், அது சிலருடைய இடுப்பளவுக்கு நல்லதாகவும் இருக்கும் என்றும் முதலீட்டாளர்களிடம் பேசினார். அந்த மடித்த கூம்பைக் கையில் பிடித்தபோது அவருடைய நகைச்சுவைதான் நினைவுக்கு வந்தது.

வேறு வழியே இல்லை என்றால் நானும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஹாலிடே வேர்ல்ட் பூங்கா 2000ஆம் ஆண்டு முதல் குளிர்பானங்களை நுழைவுச்சீட்டோடு சேர்த்து இலவசமாகவே தருகிறது. பென்சில்வேனியாவின் க்னோபெல்ஸ் பூங்காவில் நுழைவுக் கட்டணமே கிடையாது. சவாரிக்கு மட்டும் கொடுத்தால் போதும், சாப்பாட்டையும் வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். விலைக்குப் பெயர்போன வால்ட் டிஸ்னி வேர்ல்டில்கூட, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாதவரை சொந்த உணவுக்குத் தடையில்லை. பானம் ஊற்றித் தரும் விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் ஒரு கோப்பைக் குளிர்ந்த தண்ணீர் காசில்லாமல் கிடைக்கும். ஷாங்காய் டிஸ்னி பூங்காவில் வெளி உணவுக்குத் தடை இருந்தபோது, தின்பண்டங்களோடு தடுத்து நிறுத்தப்பட்ட சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் 2019இல் வழக்குத் தொடுத்தார். 50 யுவான் இழப்பீட்டோடு வழக்குச் சமரசத்தில் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பூங்காவும் தன் விதியைத் தளர்த்திற்று. ஐம்பது யுவான் பெரிய தொகையன்று. ஆனால் அதன்பின் அந்த வாசலில் பையோடு நிற்கும் தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரியது என்பதை, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவன் என்ற முறையில் என்னால் உணர முடிகிறது.

உணவின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்கர் சூடாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பீட்சா விளக்கொளியின் கீழ் நெடுநேரம் காத்திருந்ததால் ஓரங்கள் அட்டைபோல் விறைத்திருந்தன. ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது, விலைக்கும் ஓரளவு பொருந்தியது. கடை ஊழியர்கள் அனைவரும் இளைஞர்கள். நெரிசலிலும் முகம் சுளிக்கவில்லை. விலையைக் கேட்டு ஒரு பெரியவர் சத்தம் போட்டபோது, "விலையை நாங்கள் வைப்பதில்லை ஐயா" என்று ஊழியர்களில் ஒரு பெண் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டபின் யாரும் அவரிடம் வாதாடவில்லை.

சவாரிகளுக்காக மீண்டும் போவேன். சாப்பாட்டுக்காக அந்தக் கூடத்தில் மறுபடி வரிசையில் நிற்க மாட்டேன். போகிறவர்கள் காலைச் சிற்றுண்டியை வெளியே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள்; காலிப் பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள்; மருத்துவக் காரணத்துக்கான உணவும் குழந்தை உணவும் இருந்தால் வாசலில் தயங்காமல் சொல்லுங்கள். நினைவுக் கோப்பையை நான்கு பேருக்கு ஒன்று என்று வாங்குவதானால், நிரப்பும் இடங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். இன்னொன்று: கையில் முத்திரை குத்திக்கொண்டால் நண்பகலில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அதே சீட்டில் திரும்பி வரலாம் என்ற வசதி அந்தப் பூங்காவில் இருக்கிறது. அதைச் சொல்லும் அறிவிப்பு வெளியேறும் கதவின் உட்புறத்தில், என் தாயார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க வேண்டிய அளவு எழுத்தில் இருந்தது. நாங்கள் அதைப் படித்தபோது மணி ஆறரை.