காப்பு சரி, சீட்டுதான் பொய்

புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் ஒரு வெள்ளிக்கடையில் தங்கச்சிக்காக டர்க்காய்ஸ் கல் வைத்த காப்பு வாங்கினேன், பெட்டிக்குள் ‘நவஹோ கைவேலை’ என்று ஒரு சீட்டு. நவஹோ என்பது வெள்ளி நகைக்குப் பெயர்போன அமெரிக்கப் பழங்குடி. உள்பக்கம் வெள்ளியின் தரத்தைக் காட்டும் 925 முத்திரை இருக்கிறது, எடையும் குறையில்லை. ஆனால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் கல்லைத் துடைத்ததும் பஞ்சு நீலமாகிவிட்டது. சாயம் ஏற்றிய கல்! பூவேலையும் அச்சில் வார்த்ததுதான், எங்கே பார்த்தாலும் ஒரே ஆழம். நவஹோ தட்டார்கள் எஃகு முத்திரையை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள், ஒரு கோடு ஆழமாகவும் பக்கத்துக் கோடு லேசாகவும் விழும்.

நவஹோ தட்டார் கென்னத் பெகே மாதிரி ஆட்கள் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. 1913-ல் பிறந்தவர், ஃபோர்ட் விங்கேட் பள்ளியில் ஃப்ரெட் பெஷ்லாக்காயிடம் தொழில் கற்றார். அப்புறம் அரிசோனாவில் ஒயிட் ஹோகன் கடைக்காக, பல நகைகளில் கல்லே இல்லாமல், வெள்ளியின் வளைவையும் வழவழப்பையும் மட்டும் நம்பி வேலை செய்தார், சிலவற்றில் அயர்ன்வுட் மரத்துண்டைப் பதித்தார். பிறகு நவஹோ கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். 1977-ல் இறந்தார். நவீன நவஹோ நகையின் தந்தை என்கிறார்கள். இப்படிப் பொய்ச்சீட்டு ஒட்டி விற்பது அமெரிக்காவில் 1990-ல் வந்த பழங்குடிக் கைவினைச் சட்டப்படி குற்றம்.

கேட்டால், “ஜெய்ப்பூர் சரக்கு சார், டிசைன்தான் அப்படி” என்றார் கடைக்காரர். அதையே எழுதி வைக்கலாமே? வெள்ளிக்கு விலை நியாயம்தான், கொலுசும் நன்றாக இருக்கிறது. கல் வைத்த நகைக்கு மட்டும் வேறு கடை பாருங்கள்.