ஒரே ஒன்றுதான் என்று விற்ற பிராம் டிரெஸ்: பிள்ளைகளுக்கு வாங்கப் போகிறவர்கள் கவனம்

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, மே மாதம் பிராம். பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே நடக்கும் நடன விருந்து அது. நாம் கல்யாணப் பட்டுக்குக் கடை கடையாக ஏறி இறங்குவது போல இவர்கள் மாதக்கணக்கில் டிரெஸ் தேடுவார்கள். பள்ளியில் வேறு யாரும் போடாத டிரெஸ்தான் வேண்டும் என்றாள் மகள்.

பிப்ரவரியில் போனில் ஒரு விளம்பரம். மயில்கழுத்து நிறம், பாதம் வரை கை எம்பிராய்டரி, உங்களுக்கென்று ஒன்றே ஒன்று தைத்துத் தருகிறோம் என்ற வாக்குறுதி. 189 டாலர். ஹீல்ஸ் போட்டு நிற்கவைத்துக் கழுத்துக் குழியிலிருந்து தரை வரை அளவு கேட்டார்கள். தொழில் தெரிந்தவர்கள் என்று அதிலேயே நம்பிவிட்டேன்.

பார்சல் வந்தது ஏப்ரல் 14. பிரித்ததுமே மண்ணெண்ணெய் மாதிரி நெடி. எம்பிராய்டரி என்றது வெறும் பிரிண்ட். நூலின் நிழலைக்கூட சேர்த்து அடித்திருந்தார்கள். சமிக்கி விரல் பட்டதும் உதிர்ந்தது, அடியில் மஞ்சளாகப் பசை. இடுப்பு இரண்டு அங்குலம் பிடித்தது. தையலைப் பிரித்துவிடலாம் என்று திருப்பிப் பார்த்தால் உள்ளே துணியே விடவில்லை. மகள் ஒன்றும் பேசாமல் மடித்துக் கவருக்குள் வைத்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று இரவு அந்த விளம்பரப் படத்தை, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டேன். அதே பெண், அதே டிரெஸ், வேறு வேறு பெயரில் எத்தனையோ தளங்களில். படத்தை வேறொரு டிசைனரிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை.

அப்புறம் மெயில் பேரம். பணத்தில் 15 சதவீதம் திருப்பித் தருகிறோம், டிரெஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு 20, பிறகு 30. ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று நாள். திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு நம்முடையதாம். இந்த இழுத்தடிப்பில் மயங்காதீர்கள். கிரெடிட் கார்டு புகாருக்கு அமெரிக்கச் சட்டம் தரும் 60 நாள் கெடு, அந்தத் தொகை வரும் முதல் பில்லிலிருந்து ஓடுகிறது. டிரெஸ் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தைத்து அனுப்பவே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால் கெடுவில் என்ன மிஞ்சும்? என் பில் பிப்ரவரி 27. நான் கார்டு கம்பெனியிடம் படங்களோடு புகார் கொடுத்தது ஏப்ரல் 26. ஜூனில் பணம் வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக அனுப்பியிருந்தால் மீட்பது பெரும்பாடு.

டிரெஸ் கடைசியில் பக்கத்து ஊர்க் கடையில் 260 டாலருக்குக் கிடைத்தது. பில் போடும் முன் கடைக்கார அம்மா பள்ளியின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அதே பள்ளியிலிருந்து இன்னொரு பெண் வந்தால் இந்த டிசைனை விற்க மாட்டார்களாம். இங்கே பல பிராம் கடைகளில் இந்த வழக்கம் உண்டு, கேட்டுப் பாருங்கள். அதற்குத் தனிக் காசு எதுவும் வாங்கவில்லை.