ராத்திரிக்கு என்ன: மாவா, உப்புமாவா, சப்பாத்தியா?

தஞ்சாவூரில் வேலை முடிந்து, பஸ் பிடித்துக் கும்பகோணத்தில் இறங்கும்போது மணி ஏழேகால் ஆகிவிடும். மாமனாருக்கு எட்டு மணிக்கு மாத்திரை, அதற்கு முன் சாப்பிட்டாக வேண்டும். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் இரண்டு பேரும் பையைப் போடும்போதே "இன்னைக்கு என்னம்மா?" என்பார்கள். வீடு வந்து சேரும் நேரம் போக எனக்குக் கிடைப்பது அரை மணிதான். அதற்குள் எது அடங்கும், எது அடங்காது என்று நாலைந்து வருஷமாக அடிபட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ராத்திரியில் நேரத்தைத் தின்பது பலகாரம் இல்லை, தொட்டுக்கொள்ள வைப்பதுதான். "தோசைதானே, அஞ்சு நிமிஷம்" என்று சொல்பவர் தேங்காய் துருவியவராக இருக்கமாட்டார். அதனால் சட்னி, குழம்பு எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.

மாவிலிருந்து தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் ஊறப்போட்டு, மதியம் கிரைண்டரில் ஆட்டி எடுத்தால் புதன் வரை ஓடும். அரிசிக்கு நம் பக்கம் குறையே இல்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏடிடி 37 மாதிரி குண்டு ரகங்கள் இட்லிக்குப் பேர்போனவை. புளிக்கிற நேரத்தில்தான் கவனம் வேண்டும். சித்திரை, வைகாசியில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கி மூடியைத் தள்ளிவிடும். மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் மந்தமாகவே கிடக்கும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், மறந்தால் செவ்வாய்க்கிழமையே புளிப்பு ஏறிவிடும்.

கடை மாவை நான் குறை சொல்லமாட்டேன், பல வாரம் அதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் எப்போது ஆட்டியது என்று தெரியாது. ஒரு தடவை பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்ததைக் கவனிக்காமல் வாங்கிவந்து, இட்லி ஊற்றினால் தட்டோடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கடை மாவு என்றால் தோசை மட்டும்தான். இட்லிக்கு வீட்டு மாவு.

இப்போது தொட்டுக்கொள்வதற்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கடப்பா இருக்கிறதே, அதை விசேஷ நாள் சமாச்சாரமாக ஆக்கிவைத்திருப்பது எனக்கு அநியாயமாகத் தோன்றும். வார நாளுக்கு அதைவிடத் தோதானது கிடையாது. குக்கரில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் மூன்று விசில். அது கத்திக்கொண்டிருக்கும்போதே தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், சோம்பு, கொஞ்சம் கசகசா மிக்ஸியில் ஒரு சுற்று. வெங்காயமும் பூண்டும் வதக்கி, வெந்ததையும் அரைத்ததையும் அதில் கொட்டி, ஒரு கொதி வந்ததும் இறக்கி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. இருபத்தைந்து நிமிஷம், அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் இட்லியும் வெந்துவிடும். புளி ஊறவைக்க வேண்டாம், தக்காளி விலையைப் பார்க்க வேண்டாம். மாமனார் இரண்டாவது கரண்டி கேட்பது இதற்கு மட்டும்தான். மிஞ்சினால் மறுநாள் சப்பாத்திக்கும் ஆகும்.

சப்பாத்தி என்றதும் எனக்கு அலுப்புதான் வருகிறது. ஐந்து பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் பதினைந்து. பிசைந்து, ஊறவிட்டு, தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க முக்கால் மணி, குருமா தனி. கடையில் விற்கும் அரைவேக்காட்டுச் சப்பாத்தி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஆறினால் தோல் மாதிரி இழுக்கும். மாமனாருக்குச் சர்க்கரை என்பதால் "ராத்திரி சப்பாத்திதான்" என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சட்டம் போட்டார்கள். அவரோ உருளைக்கிழங்குக் குருமாவோடு ஐந்து சப்பாத்தி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எவ்வளவு என்பதும் உண்டு அல்லவா? இப்போது மூன்று இட்லியோடு நிறுத்திவிட்டோம்.

மாவுக்கு நிஜமான போட்டி அரிசி உப்புமாதான். பச்சரிசி, அதில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் மிக்ஸியில் ரவையாக உடைத்து டப்பாவில் போட்டுவைத்தால் மாசக்கணக்கில் இருக்கும், புளிக்கிற பயமே இல்லை. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், தாளித்துக் கொட்டிக் குக்கரில் இரண்டு விசில். என் பாட்டி வெண்கலப் பானையில் கிளறி, அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தருவாள். குக்கரில் அந்தக் காந்தல் கிடையாது, அது ஒன்றுதான் நஷ்டம். கூடவே கத்தரிக்காய் கொத்சு வைத்தால் சிதம்பரத்துக்காரர்கள்கூட மெச்சுவார்கள். முடியாத நாளில் ஒரு துண்டு வெல்லமும் தயிரும் போதும். மொத்தம் இருபது நிமிஷம். நேரத்தில் இது மாவை ஜெயிக்கிறது. ஆனால் சின்னவன் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் சம்மதிக்கமாட்டான், அங்கேதான் தோற்கிறது.

காலையில் வடித்த சோற்றை ராத்திரிக்கு இழுப்பதை விட்டுவிட்டேன். நம் ஊர் வெக்கையில் பன்னிரண்டு மணி நேரம் வெளியே கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும். சுட வைத்தாலும் முழுசாகச் சரியாகாது. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் புதுச் சோறே பதினைந்து நிமிஷத்தில் ஆகிவிடுகிறது, பிறகு அந்த வம்பு எதற்கு?

கடைப் பரோட்டா? சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். ருசியில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் சமைக்காததால் நேரம் மிச்சம் என்று நினைத்தால் தப்பு. ஏழரை மணிக்குக் கடை வாசலில் நின்று பார்சல் வாங்கி வருவதற்குள் இரண்டு ஈடு இட்லி அவித்திருக்கலாம். அப்புறம், தூக்குவாளி கொண்டுபோக மறக்காதீர்கள். தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. இருந்தும் கொதிக்கிற சால்னாவை அதில்தான் ஊற்றிக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

சாயங்காலம் சைக்கிளில் வரும் இடியாப்பக்காரர் இந்தப் போட்டி எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இருந்தால் பத்தே நிமிஷம். ஆனால் அவர் எங்கள் தெருவுக்கு வருவது ஆறரைக்கு. நான் அப்போது பாபநாசத்தைத் தாண்டிக்கொண்டிருப்பேன். மாமனாரிடம் காசு கொடுத்துவைத்துப் பார்த்தேன். வாங்கி வைத்திருந்தார், நான் வருவதற்குள் பாதி காலி.