540 வெள்ளி போச்சு: ‘சீக்கிரமே உள்ளே விடுவாங்க’ என்று டிக்கெட் விற்பவர்களை நம்பாதீர்கள்

சிங்கப்பூரில் இருப்பவர்களும், ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பொழுதுபோக்குப் பூங்கா பார்க்க வரப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 540 வெள்ளி. வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர், ஊர்க் கணக்கில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பிடிஎஃப் கோப்புக்கு.

அக்கா குடும்பம் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறது. அக்கா, அத்தான், அத்தானுடைய அம்மா, இரண்டு பிள்ளைகள், நான் என்று மொத்தம் ஆறு பேர். அங்கே பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பவேண்டும், அதனால் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அதுவும் இங்கே ஜூன் பள்ளி விடுமுறை தொடங்குகிற சனிக்கிழமை. அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் விடியற்காலையிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தோம். ஒரு ரைடு மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்றும். காலையிலும் அதே எண்ணிக்கைதான், மத்தியானமும் அதேதான். கூடுவது வெளியே நிற்கிற வரிசை மட்டும். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பெரிய ரைடுகளை முடித்துவிட்டால், மற்றவர்கள் வெயிலில் நிற்கும்போது நாம் சாப்பிடப் போய்விடலாம். அதிலும் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்கிற ரோலர் கோஸ்டர் இருக்கிறதே, அதை 2013இல் மூடிவிட்டு 2015இல் திரும்பத் திறந்தபோது, வரிசைக்கு நாலு பேர் உட்கார்ந்த பெட்டியை இரண்டு பேர் உட்காருகிற பெட்டியாக மாற்றிவிட்டார்கள். ஏறுகிறவர்கள் குறைந்தால் நிற்கிறவர்கள் கூடத்தானே செய்வார்கள். ஜுராசிக் பகுதியில் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற கேனோபி ஃபிளையர் அதைவிட மோசம். ஓடுவது கொஞ்ச நேரம், ஏறுவது சில பேர், காத்திருப்பது மட்டும் யுகம். 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் திறந்ததிலிருந்து சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு டிக்கெட் விற்றவனுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் வினை.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. மெசேஜ் ஆப்பில் ஓடுகிற, தள்ளுபடி விலையில் சுற்றுலா டிக்கெட் விற்கிற தமிழ் குரூப் ஒன்று. ஆயிரக்கணக்கில் ஆட்கள். பறவைப் பூங்கா, கேபிள் கார், மலேசியாவுக்குப் பேருந்து என்று தினமும் ஏதாவது விளம்பரம் வந்து விழும். அதில் ஒன்று: ‘யூனிவர்சல், சீக்கிர நுழைவு, 9 மணிக்கே உள்ளே, பொதுமக்கள் 10 மணிக்குத்தான்’. கூடவே வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸும் சேர்த்து. பெரியவர் 95, பிள்ளை 80.

எடுத்த எடுப்பில் பணம் கேட்கவில்லை அவன். நான் விசாரித்ததும் குரல் பதிவு அனுப்பினான். “அக்கா, கும்பகோணத்துல எங்க? நான் பட்டுக்கோட்டைப் பக்கம்தான்.” பேச்சு அச்சு அசல் நம் ஊர்ப் பேச்சு. மகாமகக் குளத்துப் பக்கம் என்று சொன்னேன். தன் சித்தி வீடு அங்கேதான் என்றான். பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். “பையன் 125 சென்டிமீட்டர் இருக்கானாக்கா? இல்லாட்டி பேட்டில்ஸ்டார்ல ஏத்தமாட்டாங்க, கேட்டு அழுவான், பாவம். அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி பாஸ் போடுறேன்.” அன்று ராத்திரி அத்தான் பையனைக் கதவோரம் நிறுத்தி அளந்தார். 126. பையன் வீடெல்லாம் குதித்தான். “பாட்டிக்கு எந்த ரைடு சரிப்படும்னு நான் லிஸ்ட் தர்றேன், முதுகுவலி உண்டா?” என்றுகூடக் கேட்டான். எந்த அதிகாரபூர்வக் கவுண்டரில் இப்படிக் கேட்பார்கள் சொல்லுங்கள். சொந்தத் தம்பி மாதிரி பேசினான். அத்தை கூட, “நல்ல புள்ளையா இருக்கே, ஊருக்கு வந்தா வீட்டுக்கு வரச் சொல்லு” என்றார்.

பேநவ்வில் (நம் ஊர் யூபிஐ மாதிரி) பணம் அனுப்பும்போது திரையில் வேறு ஒரு பெயர் வந்தது. தமிழ்ப் பெயரே இல்லை. கேட்டதற்கு, “அது என் பார்ட்னர்க்கா, கம்பெனி கணக்கு அவங்க பேர்ல இருக்கு” என்றான். 540 வெள்ளி போனது. ஐந்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது. சின்னம், தேதி, ஆறு கியூஆர் கோடு, கீழே பொடி எழுத்தில் விதிமுறைகள், எல்லாம் கச்சிதம்.

சனிக்கிழமை ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி, விவோசிட்டி மூன்றாம் மாடியிலிருந்து, பூங்கா இருக்கிற சென்டோசா தீவுக்குப் போகும் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடித்தோம். (அது ஆளுக்கு 4 வெள்ளி. போர்டுவாக் வழியாக நடந்து போனால் காசு கிடையாது. அத்தைக்கு முட்டிவலி என்பதால் ரயில்.) பூங்கா வாசலில் சுற்றுகிற உருண்டைக்கு முன்னால் நாங்கள் நின்ற படத்தில் 8:12 என்று இருக்கிறது. இந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், பின்னால் வரும். பத்துப் பன்னிரண்டு பேர்தான் அங்கே இருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பூரிப்பு.

9 மணிக்குக் கதவு திறக்கவில்லை. 9:20 ஆனது. அவனுக்குச் செய்தி அனுப்பினேன். “சைடு கேட்டுல கேளுங்கக்கா, சொல்லி வச்சிருக்கேன்.” சைடு கேட்டில் இருந்த பெண் மிகப் பணிவாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு கியூஆர் கோடையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஆறும் சிவப்பு. மேலாளரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்துவிட்டு, இந்த டிக்கெட் எண்கள் எதுவுமே செல்லாது, இன்றைக்கு 9 மணி நுழைவு என்று நாங்கள் எதையும் விற்கவில்லை, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எங்களைப் போல எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறார்.

நான் அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. செய்தி வந்தது: “சிஸ்டம் அப்டேட் நடக்குதுக்கா, பத்து நிமிஷம்.” பத்து நிமிடம் கழித்து: “ஆக்டிவேஷன் ஆகல. ஆளுக்கு 10 வெள்ளி அனுப்புங்க, உடனே ஆகிடும், அப்புறம் திருப்பித் தந்துடுவேன்.” இன்னும் 60 வெள்ளி! 540 வாங்கியது போதாது! முடியாது என்றேன். அதற்கு வந்த பதில்தான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. “நீங்க லேட்டா போயிருப்பீங்க. சீக்கிர நுழைவுன்னா சீக்கிரம் போகணும்ல அக்கா.”

8:12 படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டான், இரண்டு நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு அவன் படமும் தெரியவில்லை, செய்தியும் போகவில்லை.

இதற்குள் எங்களைச் சுற்றிக் கடல் மாதிரி கூட்டம். பிள்ளைகள் அழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா மகள் மட்டும், “சித்தி, நாம முதல்ல வந்தோம்தானே?” என்று கேட்டாள். வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. 400 வெள்ளிக்கு மேல் மறுபடி கொடுத்து முறையான டிக்கெட் வாங்கி, பத்தரைக்கு மேல் உள்ளே போனபோது பேட்டில்ஸ்டார் வரிசை வளைந்து வளைந்து வெளியே வந்துவிட்டது. எக்ஸ்பிரஸுக்குக் காசில்லை. தனி ஆள் வரிசையில் போனால் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் 126 சென்டிமீட்டர் பையனைத் தனியாக யாரோடு உட்காரவைப்பது? மினியன் லேண்டும் மம்மி ரைடும் பார்த்தோம், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் நின்றோம், சாயங்காலம் பையன் பேட்டில்ஸ்டாரும் ஏறினான். அத்தான் வாயே திறக்கவில்லை. அவர் வைத்திருந்த காசில்தான் 540 போனது. ஊரில் ஒரு மாதக் குடும்பச் செலவு என்று அக்கா சொன்னாள்.

இனி, கேட்கப் போன இடங்களில் நடந்தது. குரூப் நடத்துகிறவருக்கு எழுதினேன். “குரூப் விளம்பரத்துக்கு மட்டும். பணம் கொடுப்பது வாங்குவது உங்கள் சொந்தப் பொறுப்பு” என்று ஒட்டிப் போட்ட பதில். அந்த ஆள் போட்ட விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கிறதே, எடுங்கள் என்றேன். என்னை குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்! விளம்பரம் இருக்கிறது, நான் இல்லை. வங்கியை அழைத்தால் நாற்பது நிமிடம் பாட்டு கேட்கவைத்தார்கள். பிறகு, பணத்தை நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் திரும்ப எடுக்க முடியாது, போலீஸ் ரிப்போர்ட் எண்ணைக் கொடுங்கள், அந்த வங்கிக்கு எழுதுகிறோம் என்றார்கள். சரி, எவ்வளவு நாள் ஆகும்? “காத்திருங்கள்.” 540 வெள்ளி எங்கே போனது என்று திரையில் எனக்கே தெரிகிறது, பெயர் தெரிகிறது, ஆனால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாதாம்.

போலீஸ் ரிப்போர்ட்டை இணையத்தில் பதிவு செய்துவிட்டேன். போலீஸிலிருந்து பேசியவர் சொல்லித்தான் தெரிந்தது, இது புதிய வித்தை இல்லை. ஒரே கியூஆர் கோடைப் பத்துப் பேருக்கு விற்பார்கள், முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. அல்லது யாருடைய கடன் அட்டை விவரத்தையோ திருடி அதில் உண்மையான டிக்கெட் வாங்கி விற்பார்கள். அட்டைக்காரர் கண்டுபிடித்துப் புகார் கொடுத்ததும் டிக்கெட் ரத்தாகிவிடும். எங்களுடையது அதுவும் இல்லை, வெறும் எண் போலிருக்கிறது. பட்டுக்கோட்டைக் குரலும் யாருடையதோ.

நிறைய ஆலோசனை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நாளைக்கு அவர்களுக்குத் திருச்சி விமானம், பெட்டி கட்ட வேண்டும், அதனால் அவசரமாகச் சில:

டிக்கெட்டைப் பூங்காவின் சொந்தத் தளத்திலோ அங்கே கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது தனி, அது மட்டும் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், நுழைவு டிக்கெட் தனியாக வேண்டும். இரண்டும் சேர்த்து அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள். கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை அந்தத் தேதிக்கு அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள், விற்கிறவன் சொல்லைக் கேட்காதீர்கள். பேநவ்வில் வருகிற பெயரும் விற்கிறவன் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், பார்ட்னர், அண்ணி, கம்பெனி எதுவானாலும். ‘ஆக்டிவேஷன்’ என்று இரண்டாம் முறை காசு கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். டிக்கெட் வாங்கிய சந்தோஷத்தில் கியூஆர் தெரிகிற மாதிரி ஸ்டேட்டஸ் போடாதீர்கள், அதை எடுத்தும் விற்கிறார்கள்.

சிங்கப்பூரில் சந்தேகம் வந்தால் 1799, மோசடி பற்றிக் கேட்கிற ஸ்கேம்ஷீல்டு உதவி எண். ஊரிலிருந்து யூபிஐயில் அனுப்பி ஏமாந்தவர்கள் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ உடனே அழையுங்கள், நேரம் கடத்தினால் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும்.

அந்த குரூப்பில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், ‘சீக்கிர நுழைவு’ விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் சேர்க்கவேண்டும், என்னால் இப்போது உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. இதே ஆளிடம் காசு கொடுத்த வேறு யாராவது இருந்தால் வெட்கப்படாமல் புகார் கொடுங்கள். அடுத்த விளம்பரம் போட்டுவிட்டானாம், இந்த முறை பெரியவர் 90.