வாரிசு மனு எழுதித் தரும் கடை, சேலம்

அப்பா ஏற்காட்டில் விட்டுப்போன முக்கால் ஏக்கர் காப்பித் தோட்டத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும். சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் மனு எழுதும் பெரியவரிடம் போனேன். பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் காக்க வேண்டியிருந்தது, குறை அது ஒன்றுதான்.

"தம்பி பேரு மட்டும் போடுங்கய்யா, சித்தப்பா அப்படித்தான் சொன்னாருங்க" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வாரிசுன்னா ஆம்பளைன்னு யாரு கண்ணு சொன்னது?"

அரபியில் பிறந்து, உருதுவில் 'வாரிஸ்' ஆகி, அரசு அலுவலகக் காகிதங்களில் நம்மிடம் ஒட்டிக்கொண்ட சொல்லாம். அதற்கு முன்னே பரம்பரைச் சொத்தைக் குறிக்க நமக்குத் 'தாயம்' இருந்தது, புறநானூற்றிலேயே உண்டு. தாயத்தில் பங்குள்ளவர் தாயாதி. அந்தச் சொல் ஆண்வழிப் பங்காளிகளோடு நின்றுவிட்டது. வாரிசு அப்படி நிற்கவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது சொத்தில் முதல் உரிமை உள்ளவர்கள்.

அப்புறம் கேட்டார்: "அப்பாவைப் பெத்தவங்க இருக்காங்களா?" அப்பத்தாவை எங்களில் யாருமே நினைக்கவில்லை. ஆதாரைப் பார்த்து எழுத்தெழுத்தாக அப்பத்தா பெயரையும் என் பெயரையும் சேர்த்தார். கூலி 200 ரூபாய்.