எம்.ஜி.பி. காருக்கு வைப்பர் பழுது: நெல்லித்தோப்பு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் எனது அனுபவம்

என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த கார். சென்ற ஐப்பசி மழையில் காலாப்பட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது அதன் வைப்பர்கள் திணறித் திணறி, கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டன. முதலில் காட்டிய பெரிய பட்டறையில், மோட்டார் எரிந்துவிட்டது என்றும் அதை எடுத்துவிட்டு இன்றைய கார் ஒன்றின் மோட்டாரைப் பொருத்திவிடலாம் என்றும் சொன்னார்கள். அதற்கு மனம் ஒப்பாமல், நண்பர் ஒருவர் சொன்னபடி புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ள ஒரு சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன்.

கடையின் பெரியவர் டெஸ்டரை எடுக்கும் முன்பே இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைப் பார்த்து, இது பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது இன்றைய கார்களுக்கு மாறாகப் பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது என்று தம் உதவியாளரை எச்சரித்தார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது அது தடையின்றிச் சுழன்றது. "மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார், கேபிளை இழுக்க முடியாமத்தான் திணறுது" என்றார்.

இந்தக் காரில் உள்ள லூகாஸ் நிறுவன வைப்பரில் மோட்டார் நேரடியாக வைப்பர் கைகளை ஆட்டுவதில்லை. திருகுபோலக் கம்பி சுற்றப்பட்ட ஒரு கேபிளை, குழாய்க்குள் முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளுகிறது. அந்தக் கேபிள், கண்ணாடிக்குக் கீழே உள்ள வீல்பாக்ஸ் என்ற இரண்டு சிறு பெட்டிகளின் பல்சக்கரங்களைத் திருப்ப, அவற்றின் சுழல்தண்டுகளில் மாட்டிய வைப்பர் கைகள் ஆடுகின்றன. பெரியவர் வைப்பர் கைகளைக் கழற்றி, மோட்டாரிலிருந்து கேபிளைப் பிரித்து, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியை அதன் முனையில் மாட்டி இழுத்தார். முள் 5 கிலோவைத் தாண்டியது. கையேட்டின்படி 2.7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கேபிளை உருவியபோது, பழைய கிரீஸ் அரக்கைப்போல இறுகி, சுருளின் இடுக்குகளை அடைத்திருந்தது தெரிந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, குழாயையும் துடைத்துப் புது கிரீஸ் இட்டபின் தராசு ஒன்றரைக் கிலோவைத்தான் காட்டியது.

வீல்பாக்ஸ்களை எடுப்பதற்கு அவர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பாதி நாள் உழைத்தார். கேபிள் முன்னும் பின்னும் மட்டுமே போவதால் பல்சக்கரத்தின் ஒரு பக்கமே தேய்கிறது. அதை அரை வட்டம் திருப்பி மாட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும், புதிதாக வாங்க வேண்டியதில்லை என்று என்னையும் குனிந்து பார்க்கவைத்துக் காட்டினார். அணைத்ததும் ஒழுங்கான இடத்தில் வைப்பர் நிற்காத குறையை, வைப்பர் மோட்டாரின் கியர்பாக்ஸ் மேலுள்ள குவிந்த மூடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தார்.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் என்று சொல்லி ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். கூலி 3,500 ரூபாய் நியாயமானதே ஆனாலும், எதற்கு எவ்வளவு என்று எழுதிய பில் கிடைக்கவில்லை. இடப்பக்கச் சுழல்தண்டின் அடியில் வைத்த ரப்பர் வாஷர் பொருந்தாமல், அடுத்த மழையில் என் மனைவியின் முழங்காலில் நீர் சொட்டியது. திரும்பக் கொண்டு போனபோது மறுபேச்சின்றி, காசு வாங்காமல், தடித்த ரப்பரை அளவாக வெட்டி மாற்றிக் கொடுத்தார். அதன்பின் கார்த்திகை மழையில் மரக்காணம் வரை இரண்டு முறை போய் வந்தேன். உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை, வைப்பரும் நிற்கவில்லை.