பாம்பு விரட்டிப் பொடி, சோலார் குச்சி, வலை: எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தவனின் விமர்சனம்

மோட்டார் பெட்டிக்குப் பின்னால் கிடந்ததை முதலில் கிழிந்த பாலிதீன் உறை என்றுதான் நினைத்தேன். எடுத்துப் போடலாம் என்று கையை நீட்டியபோதுதான் செதில் செதிலாகக் கட்டம் தெரிந்தது. பாம்புச் சட்டை. டேப் வைத்து அளந்தேன், ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. உரியும்போது தோல் இழுபடும், அதனால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும் என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்று ராத்திரி தெரிந்திருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் வாட்ச் கண்ணாடி மாதிரி இரண்டு சின்ன வட்டம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் இருக்கும் ஒற்றைச் செதிலையும் சேர்த்தே கழற்றிவிட்டுப் போகிறது. நான் அதில் லயித்திருக்க, அம்மா பின்னால் வந்து நின்றாள். "சட்டையை இங்க கழட்டிப் போட்டிருக்குன்னா, குளிக்கவும் இங்கதான்டா வரும்."

அடுத்த எட்டு மாதத்தில் வாங்கியவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. டப்பா மாறினாலும் மேலே எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் பொடி. மூடியில் வாயைப் பிளந்த பாம்பு, அதன் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. திறந்ததும் பழைய டிரங்குப் பெட்டி வாசனை குப்பென்று அடித்தது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்: நாஃப்தலின், கந்தகம். அதாவது பாச்சை உருண்டையை நொறுக்கி, கந்தகம் கலந்து, பாம்புப் படம் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தூவச் சொல்லியிருந்தது. தூவினேன்.

இந்த யோசனை கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பாம்பு சும்மா நாக்கை நீட்டுவதில்லை. காற்றிலும் தரையிலும் உள்ள துகளை நாக்கில் ஒற்றியெடுத்து, மேல் அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் சேர்த்து வாசனை பிடிக்கிறது. அவ்வளவு கூர்மையான மூக்கு இருக்கிறதே, நெடி தாங்காமல் ஓடிவிடாதா என்று நமக்குத் தோன்றும். இதே கலவையை நிஜப் பாம்புகளை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாம்புகள் பொடிக்கோட்டைப் பொருட்படுத்தாமல் அதன் மேலேயே ஊர்ந்து போயிருக்கின்றன.

பொடியால் உண்மையில் விரட்டப்பட்டது நாங்கள்தான். பின்கதவைத் திறக்க முடியவில்லை. காயப்போட்ட துணியெல்லாம் அந்த நெடி. "பாம்பு போகுதோ இல்லையோ, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அம்மா அறிவித்தாள். மூன்றாம் நாள் எங்கள் நாய் மணி அந்தக் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது. நாய் டாக்டருக்கு டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டு, "முதல்ல தூவினதை அள்ளுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். நாஃப்தலின் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. என் மகளுக்கு ஐந்து வயது, கீழே கிடப்பதைத் தொடாமல் இருக்கமாட்டாள். கையுறை, முகக்கவசம் போட்டு, மேல்மண்ணோடு சேர்த்து ஒரு நாள் முழுக்கச் சுரண்டி எடுத்தேன். நல்லவேளை, மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பொடிக்கு ஐந்துக்குப் பூஜ்யம். கீழே போக வழியிருந்தால் அதற்கும் கீழே. கார்பாலிக் அமிலம் ஊற்றச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான், அது தோலிலேயே புண்ணாக்கிவிடும்.

அடுத்தது சோலார் குச்சி. இதைச் சிபாரிசு செய்தது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. தலையில் சின்ன சோலார் தகடு, கீழே கூரான குழாய். மண்ணில் குத்தி வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை "ம்ம்ம்ர்" என்று முனகும். கொசு போனைச் சைலன்ட்டில் வைத்திருந்தால் அப்படித்தான் அதிரும். நான்கு வாங்கி நான்கு மூலையிலும் நட்டேன். உறையில் ஒரு பக்கம் 'மீயொலி' என்று இருந்தது, மறுபக்கம் 'நில அதிர்வு'. இரண்டில் எது என்று கம்பெனிக்கே குழப்பம் போல.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். காதையும் பாம்பைக் கேட்டால்தான் தெரியும் போலிருக்கிறது, குச்சி செய்தவர்கள் கேட்கவில்லை. வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை என்பதால்தான் கண்ணே செவி என்று எண்ணி நம் பழைய ஆட்கள் அதற்குக் கட்செவி என்று பெயர் வைத்தார்கள். (வாட்ஸ்அப்பைக் கட்செவி அஞ்சல் என்று தமிழாக்கியவர் எங்கள் குடும்பக் குழுவைப் பார்த்திருக்க வேண்டும்.) ஆனால் பாம்பு முழுச் செவிடும் அல்ல. உள்காது இருக்கிறது, அது தாடையெலும்போடு சேர்ந்தது. தாடை தரையில் பட்டிருக்கும்போது மண்ணின் அதிர்வு எலும்பு வழியாக ஏறும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலியும் கேட்கும். கேட்கும் எல்லை ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. மீயொலி தொடங்குவதோ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். ஆக, அந்தப் பாதி விளம்பரம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

சரி, அதிர்வு? அது பாம்புக்கு எட்டும், மறுக்கவில்லை. எட்டினால் ஓடிவிடும் என்று யார் சொன்னது? 2023-இல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் பல இனப் பாம்புகளுக்கு 450 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். சில இனங்கள் விலகிப் போயின. வோமா என்ற மலைப்பாம்பு இனம் சத்தம் வந்த பக்கமாகவே நகர்ந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகலாக, ஒன்றும் செய்யாமல் முனகிக்கொண்டே இருக்கும் குச்சிக்கு எந்தப் பிராணியும் பழகிப்போகும். நாங்களே பத்து நாளில் பழகிவிட்டோம்.

நட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். மேற்கு மூலைக் குச்சியிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுத்த சட்டை கிடந்தது. குச்சிக்கு ஒரு நட்சத்திரம். சார்ஜ் நன்றாக நிற்கிறது, அதற்குத்தான்.

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். பழமரத்தில் பறவை விழாமல் போடுவார்களே, மெல்லிய நைலான் வலை, அது ஒரு சுருள் வாங்கி மதிலடி முழுக்க விரித்து வைத்தேன். தடுப்பு வேலி போட்டுவிட்டதாக நினைப்பு. ஒரு வாரம் கழித்து, விடிகாலையில் மணி விடாமல் குரைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பழுப்பாக, மணிக்கட்டுத் தடிமனில் ஒரு பாம்பு. உடம்பின் முதல் பாதி வலையின் நாலைந்து கண்களுக்குள் நுழைந்து மாட்டியிருந்தது. அதன் செதில்கள் வால்பக்கமாகச் சாய்ந்தவை. முன்னால் போக வழுக்கிக்கொடுக்கும், பின்னால் இழுத்தால் நூல் செதிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அது திமிறத் திமிற நூல் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பயந்துதான் போனேன். ஆனால் அந்த நேரத்தில் பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

பாம்பு மீட்பவரைக் கூப்பிட்டோம். வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். கையில் கொக்கி, ஒரு துண்டு பிவிசி குழாய், அதன் வாயில் கட்டிய துணிப்பை. எங்களை எட்ட நிற்கச் சொன்னார். ஈரத்துணியை அதன் தலைமேல் போட்டார், திமிறல் அடங்கியது. நகம் வெட்டுகிற அளவுக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினார், அரை மணி நேரம். "சாரைங்க, விஷம் கிடையாது. உங்க வீட்டு எலிக்காக வந்தது" என்றார். "கொடிக்கும் மரத்துக்கும் போடற வலையைத் தரையில போட்டிருக்கீங்களே சார்." எனக்குப் பதில் வரவில்லை. வெட்டி முடிந்ததும் இருட்டான குழாயைப் பொந்து என்று நினைத்து அதுவே உள்ளே போய்ப் பைக்குள் இறங்கிக்கொண்டது.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. பாம்பைப் பிடித்ததற்கு மட்டும் நாலு போட்டிருப்பேன். அதற்குப் பிறகு அவர் கொல்லையை ஒரு சுற்று சுற்றிய பத்து நிமிடத்துக்குத்தான் அந்த ஐந்தாவது. சுவரோரம் சாய்த்திருந்த விறகைக் காலால் தட்டினார், அடியில் இரண்டு வளை. மணியின் தட்டில் ராத்திரி மிஞ்சிய சாப்பாடு. மகள் குருவிக்கு இறைக்கும் தானியம். மூடியில்லாத சாக்கடை வாய். "எலிக்கு நீங்க பந்தி போட்டிருக்கீங்கம்மா, பாம்பு எலியைத் தேடி வருது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். எந்தப் பாம்பு என்று பார்க்கக் கிட்டே போகாதீர்கள், அடிக்கவும் பிடிக்கவும் போய்க் கடிபடுகிறவர்கள் நிறைய என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இனி நான் மனதாரச் சிபாரிசு செய்யும் பொருள்: கால் இன்ச் கண்ணுள்ள ஜிஐ கம்பிவலை. 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழையும், குட்டிப் பாம்பும் நுழையும். கோழிக்கூண்டு வலை மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள், அதன் கண் பெரிது. கொல்லை முழுக்க நான் போடவில்லை. மகள் விளையாடும் பக்கம் மட்டும் தம்பியும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் போட்டோம். மண்ணுக்குள் 15 செ.மீ. புதைய வேண்டும். மேலே 90 செ.மீ. நிற்க வேண்டும், அதுவும் நேராக அல்ல, வெளிப்பக்கமாக 30 டிகிரி சாய்ந்து. ஏறி வருகிற பாம்பு அந்தச் சாய்வில் பிடிமானம் இல்லாமல் விழும். தாங்குகிற கம்பிகளை உள்பக்கம்தான் நட வேண்டும். வெளியே நட்டால் நீங்களே ஏணி போட்டுக் கொடுத்த மாதிரி. நாங்கள் முதலில் வெளியே நட்டுவிட்டு, மறுபடி பிடுங்கினோம்.

குறையும் உண்டு. வெட்டிய முனை பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஓரமாக முளைக்கும் புல்லை வாராவாரம் வெட்டாவிட்டால் அதைப் பிடித்து ஏறிவிடும். கேட்டுக்கு அடியில் சந்து விட்டால் மொத்த வேலையும் வீண். அதனால் நாலரை.

மிச்ச வலையை வெட்டிச் சாக்கடை வாய்க்கும், ஏசி குழாய் போகும் ஓட்டைக்கும் அடைத்தேன். அடைக்கும் முன்னால் உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பெண் சொன்னபடி ஓட்டை வாயில் அம்மாவின் முகப்பவுடரை மெலிதாகத் தூவி இரண்டு ராத்திரி விட்டேன். காலையில் பல்லியின் சின்னச் சின்னக் கால்தடம், நடுவே வால் இழுத்த கோடு. அவ்வளவுதான். அப்புறம்தான் அடைத்தேன்.

கதவுக்கு அடியில் உள்ள சந்தை மூட ஒட்டும் பட்டையில் பிரஷ் வைத்தது, ரப்பர் வைத்தது என்று இரண்டு வகை உண்டு. பிரஷ்ஷை மணி மூன்றே மாதத்தில் பிய்த்துவிட்டது. ரப்பர் நிற்கிறது. நாய் இல்லாத வீட்டில் எது வேண்டுமானாலும் வாங்கலாம்.

விறகை முழங்கால் உயரத்துக்கு இரும்புச் சட்டத்தில் ஏற்றிவிட்டோம். மணியின் தட்டைப் பொழுது சாய்வதற்குள் கழுவி வைக்கிறோம். வளைகள் இரண்டும் காலி. நாலு மாதமாகச் சட்டை எதுவும் கிடைக்கவில்லை. பாம்பு அந்தப் பக்கமாகப் போகவே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், போனால் தங்குவதற்கு ஒன்றும் இல்லை.

குச்சிகளில் மூன்று செத்துவிட்டன. மேற்கு மூலைக் குச்சி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. போன வாரம் தண்ணீர் விடப் போனபோது பார்த்தேன், அதன் தகட்டு நிழலில் ஒரு கொழுத்த தேரை உட்கார்ந்திருந்தது. குச்சி அதிரும்போதெல்லாம் கூடவே அதன் தொண்டையும் அதிர்ந்தது, இடத்தைவிட்டு அசைவதாக இல்லை. தேரை என்றால் பாம்புக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வர, தேரையை மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுக் குச்சியையும் பிடுங்கிப் போட்டேன்.